பிறந்த வாரம்

1982 முதல் 1985 வரை இங்கிலாந்தின் ஐந்து ஊர்களில் பிறந்த 926 குறைமாதக் குழந்தைகளை ஆலன் லூகாஸ் என்ற குழந்தை மருத்துவர் தம் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். 1,850 கிராமுக்குக் குறைவான எடையில் பிறந்தவர்களை மட்டுமே எடுத்தார். குறைமாதக் குழந்தைக்கு எந்தப் பால் ஏற்றது என்பதுதான் அவர் தேடிய விடை. அதற்காக ஒவ்வொரு குழந்தையும் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, என்ன எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா, எவ்வளவு குடித்தது என்பதையெல்லாம் எழுதி வைத்தார்கள். குழந்தைகள் தேறி வீடு திரும்பினார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், பெரியவர்களாகி வேலைக்குப் போனார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து, ஆக்ஸ்ஃபோர்டில் பால் லீசன், ஆடம் லெவண்டோவ்ஸ்கி ஆகியோரின் குழு, பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்த அந்தக் குழந்தைகளில் 102 பேரை அழைத்தது. சராசரியாக 30 வாரத்தில், 1.3 கிலோ எடையில் பிறந்தவர்கள். இப்போது இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி, இதயத்தை அடியிலிருந்து நுனிவரை மெல்லிய துண்டங்களாகப் படமெடுத்தார்கள். அந்தப் படங்களை நிறைமாதத்தில் பிறந்த 132 பேரின் படங்களோடு ஒப்பிட்டார்கள்.

2013இல் வெளியான முடிவுகளை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்களின் இதயம் உருவத்திலேயே வேறாக இருந்தது. இடது கீழறை நீளத்தில் குட்டை, உள்ளே ரத்தம் கொள்ளும் இடம் குறைவு, சுவர் தடிப்பு. வலது கீழறையில் வேறுபாடு இன்னும் அதிகம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது ரத்தத்தைத் தள்ளும் திறன், நிறைமாதத்தாரில் யாரிடமும் காணாத அளவுக்கு இறங்கியிருந்தது. எத்தனை வாரம் முந்திப் பிறந்தார்களோ அந்த அளவுக்கு மாற்றமும் கூடியிருந்தது.

37 வாரம் முடியுமுன் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. பத்தில் ஒரு குழந்தை. அவற்றில் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. முன்பு இவர்களில் மிகச் சீக்கிரம் பிறந்தவர்கள் பிழைப்பதே அரிது என்பதால் அவர்களுடைய நாற்பதாவது வயதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை மருத்துவத்துக்கு இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

இதயத்தில் என்ன நடக்கிறது? கருவறையில் இதயத் தசைச் செல்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. நிறைமாதம் நெருங்கும்போது பெரும்பாலான செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. அதன் பிறகு இதயம் வளர்வது முக்கியமாக, இருக்கும் செல்கள் பருப்பதால்தான். ஆக, நம் ஆயுள் முழுவதற்குமான தசைச் செல்களில் பெரும்பகுதி பிறக்குமுன்பே சேர்ந்துவிடுகிறது. 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்தச் சேமிப்பு பாதியில் நிற்கிறது. அதோடு சுமையும் ஏறுகிறது. நஞ்சுக்கொடி என்பது ரத்தத்துக்கு அதிகத் தடை இல்லாத பாதை. கொடியை வெட்டியதும் அந்தப் பாதை அடைபட்டு, இடது கீழறை சட்டென்று கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கருவின் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 30 மி.மீ. பாதரசம்தான், வெளிக்காற்று பட்டதும் அது வெகுவாக உயர்கிறது. நிறைமாத இதயம் இந்த மாற்றத்துக்கு ஆயத்தமாக இருக்கிறது. 28 வார இதயமோ இன்னும் செல்களைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் முந்திப் பிறக்கவைத்த செம்மறிக் குட்டிகளை ஆராய்ந்தபோது, தசைச் செல்கள் வழக்கத்தைவிடப் பருத்தும், இடையிடையே நார்த்திசு கூடியும் இருந்ததைக் கண்டார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வு, பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் தெரிந்த தடித்த சுவருக்கு உயிரியல் விளக்கமாக நிற்கிறது. பாதிப்பு இதயத்தோடு நிற்பதில்லை. பெருந்தமனியின் மீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டின் கடைசி மூன்று மாதத்தில்தான் வேகமாகப் படிகிறது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்களில் பாதிக்கு மேல் உருவாவதும் அந்த மூன்று மாதத்தில்தான், 36 வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களின் ரத்த அழுத்தம் இளம்வயதில் சராசரியாக 3, 4 அலகு கூடுதலாக இருப்பதற்கு இவையெல்லாம் சேர்ந்து காரணமாகின்றன.

நுரையீரலின் கதை இதைவிட நீளமானது.

கருவறையில் நுரையீரலுக்கு மூச்சு விடும் வேலை கிடையாது. திரவம் நிரம்பிய கிளைகளாக அது வளர்கிறது. 24 வாரத்தையொட்டித்தான் காற்றும் ரத்தமும் சந்திக்கத்தக்க மெல்லிய பரப்பு தோன்றத் தொடங்குகிறது. அப்போதும் இருப்பவை மொத்தமான சுவர் கொண்ட பைகளே. அந்தப் பைகளுக்குள் தடுப்புகள் எழும்பி உண்மையான காற்று நுண்ணறைகளாகப் பிரிவது ஏறத்தாழ 36 வாரத்தில் தொடங்கி, பிறந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. வளர்ந்த மனிதருக்குச் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள். 26 வாரத்தில் பிறக்கும் குழந்தை அவற்றில் ஒன்றுகூட இல்லாமல் மூச்சு விடத் தொடங்குகிறது என்றால் மிகையில்லை.

முதல் ஆபத்து உடனே வருகிறது. மூச்சை வெளிவிடும்போது, நனைந்த பாலித்தீன் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொள்வதுபோல, நுரையீரல் அறைகளின் ஈரமான சுவர்கள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புக் கலவை. 34, 35 வாரம் ஆகும்போதுதான் அது போதிய அளவுக்குச் சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு இந்தக் கலவை இல்லாததே காரணம் என்பதை மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் 1959இல் காட்டினார்கள். காரணம் தெரிந்தது, மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, 2.1 கிலோ எடையில் பிறந்து, 39 மணி நேரத்தில் இறந்தான். இன்று நம் மாவட்ட மருத்துவமனைகளிலேயே அப்படிப் பிறக்கும் குழந்தைகள் சாதாரணமாகப் பிழைக்கின்றன.

அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்ததில் நியூசிலாந்துக்காரர் கிரஹாம் லிக்கின்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஸ்டீராய்டு கொடுத்ததால் மிக முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி, செத்துப்போக வேண்டியது மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ராஸ் ஹோவியோடு சேர்ந்து ஆக்லாந்தில் தாய்மார்களிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். குறைப்பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்ததும் தாய்க்கு இடுப்பில் போடும் ஸ்டீராய்டு ஊசி அப்படி வந்தது. 1980இல் ஜப்பானின் தெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டை மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்திப் பத்துக் குழந்தைகளில் பலன் கண்டார்.

இரண்டாவது ஆபத்து மெல்ல வருவது. நம் பொருளுக்கு அதுதான் முக்கியம். ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ்ரே மருத்துவராக இருந்த வில்லியம் நார்த்வே, வென்டிலேட்டரில் நாள்கணக்கில் இருந்த 32 குழந்தைகளின் மார்புப் படங்களை 1967இல் வரிசைப்படுத்தி வெளியிட்டார். முதலில் வெண்பனி மூடியதுபோன்ற மங்கல். ஒரு மாதம் ஆகும்போது அங்கங்கே குமிழ்களும் தழும்புக் கோடுகளும். எந்த ஆக்சிஜனும் அழுத்தமும் உயிரைக் காப்பாற்றினவோ, அவையே நுரையீரலைப் புண்ணாக்கியிருந்தன. பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்று அவர் பெயர் வைத்தார். பிபிடி என்று சுருக்கமாகச் சொல்கிறோம். நார்த்வேயை நான் மதிப்பது அதோடு விடாததற்காக. அந்தக் காலத்துக் குழந்தைகளில் பிழைத்த 26 பேரைப் பதின்மத்திலும் இளமையிலும் திரும்ப அழைத்துப் பரிசோதித்து 1990இல் எழுதினார். மூன்றில் இரண்டு பங்கினருக்கு மூச்சுக்குழாய் அடைப்பு இருந்தது.

பிறகு கருவிகள் மென்மையாகின. மூக்கு வழியாக மிதமான அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, குழாய் போடாமலே சமாளிக்கும் முறை பரவியது. பழைய தழும்புகள் குறைந்தன. ஆனால் பிபிடி ஒழியவில்லை. 25, 26 வாரக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதும் அது வேறு முகத்தோடு வந்தது: நுண்ணறைகள் பிரிவது பாதியில் நின்று, அறைகள் எண்ணிக்கையில் குறைந்து பெரிதாகவே இருந்துவிடும், அவற்றைச் சுற்றும் நுண் ரத்தக் குழாய்களும் குறைந்துவிடும். 1999இல் ஆலன் ஜோப் இதைப் புதிய பிபிடி என்று பிரித்துக் காட்டினார். வலது இதயம் பலவீனப்படுவதன் காரணமும் இங்கே இருக்கிறது. நுரையீரலுக்குள் ரத்தம் போகும் பாதைகள் குறைந்தால், அந்தப் பக்கம் ரத்தத்தைத் தள்ளும் வலது கீழறை நாளெல்லாம் கூடுதலாக உழைக்க வேண்டும். விஸ்கான்சினில் குறைமாதத்தில் பிறந்த இளைஞர்கள் சிலருக்கு வலது இதயத்தில் குழாய் செலுத்தி அளந்தபோது, நுரையீரல் தமனியின் அழுத்தம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. அவர்கள் நோயாளிகளாக வந்தவர்கள் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தக் குறையை ஒருவர் தாமே உணர்வது கடினம். ஸ்பைரோமெட்ரி அறையில் நின்று பாருங்கள். மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழல். "நல்லா இழுங்க, இன்னும், இன்னும்... இப்ப ஊதுங்க, விடாம ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க!" என்று டெக்னீஷியன் குரல் கொடுப்பார். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறியது என்பதுதான் அங்கே முக்கியமான எண். மிகக் குறைமாதத்தில் பிறந்த இளம்பெரியவர்களை நிறைமாதத்தாரோடு ஒப்பிட்ட 11 ஆய்வுகளின் தரவைச் சேர்த்து, ஆஸ்திரேலியாவின் லெக்ஸ் டாயலும் பிற நாட்டு ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்டார்கள். அந்த எண் குறைமாதத்தாரிடம் தெளிவாகவே குறைந்திருந்தது. பிபிடி வந்தவர்களிடம் இன்னும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் படி ஏறுகிறார்கள், பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிறார்கள். இருபது வயதில் நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் திறன் இருப்பதால் குறை மறைந்துகிடக்கிறது.

எல்லாருக்கும் நுரையீரல் திறன் இருபதுகளின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சமாகக் குறைகிறது. உச்சமே தாழ்வாக இருந்தவருக்கு, குறையும் வேகம் இயல்பாகவே இருந்தாலும், மூச்சு முட்டும் எல்லை சீக்கிரம் வந்துவிடும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றால் புகையிலையால் வேகமாகத் தேய்ந்த நுரையீரல் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2015இல் டென்மார்க்கின் பீட்டர் லாங்கே குழு காட்டியது: அந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இளமையிலேயே தாழ்ந்த உச்சத்தோடு தொடங்கியவர்கள். அதற்குக் குறைப்பிரசவம் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. முக்கியமான காரணங்களில் ஒன்று என்று சொல்லலாம்.

அப்படி ஒருவர் முப்பத்தைந்து வயதில் இளைப்போடு மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலர் கொடுப்பார்கள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் ஒவ்வாமையால் வீங்கிச் சுருங்குகிறது. குறைமாதத்தாரிடம் பல சமயம் அந்த ஒவ்வாமை அழற்சி இல்லை, குழாய்களும் அறைகளும் வளர்ந்த விதமே வேறு. அதற்காக இன்ஹேலர் வீண் என்று ஆகிவிடாது. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் திறன் குறைந்த பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்த இன்ஹேலர் உதவியதை கார்டிஃப் ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். ஆனாலும், எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும் ஒன்றாகாது.

இதைப் படிக்கும் தாய் தகப்பனுக்கு வயிற்றைக் கலக்கும் என்று தெரியும். எனவே அளவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் 1987 முதல் 2012 வரை பிறந்த 26 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு நிறைமாதத்தாரைப் போல 17 மடங்கு இருந்தது. கேட்கவே அச்சம் தரும் எண். ஆனால் அந்த 26 லட்சம் பேரில், அத்தனை ஆண்டில் இதயச் செயலிழப்பு வந்தவர்கள் மொத்தமே 501 பேர். அரிய ஒன்றின் 17 மடங்கும் அரியதுதான். 34, 35 வாரத்தில் பிறந்த பிள்ளைக்குக் கூடுதல் ஆபத்து மிகச் சிறியது. ஏழு மாதத்தில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். கருவறையில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே என்பதுதான் எல்லாத் தரவும் சொல்வது.

பிறந்தபோது நடந்தது அறுபது வயதில் இதயத்தைத் தொடும் என்ற எண்ணத்துக்கே வித்திட்டது ஒரு பழைய பேரேடு. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற செவிலியர், 1911இலிருந்து பிறந்த குழந்தைகளின் எடையையும் ஒரு வயதில் அவற்றின் எடையையும் பதியவைத்தார். அந்தப் பேரேடுகளை எடுத்து, பிறகு அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று டேவிட் பார்க்கர் 1989இல் பொருத்திப் பார்த்தார். எடை குறைந்திருந்தவர்களிடம் மாரடைப்புச் சாவு அதிகம். பேரேட்டில் கர்ப்ப வாரம் பதிவாகவில்லை. அதனால், முந்திப் பிறந்ததால் எடை குறைந்தவர் யார், நிறைமாதமாகியும் மெலிந்து பிறந்தவர் யார் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. ஒரு கட்டம் விடுபட்டால் எத்தனை ஆண்டு அறிவு தள்ளிப்போகிறது என்பதற்கு இது சான்று.

நம்மிடம் அந்தக் கட்டம் இருக்கிறது. இந்தியப் பிறப்புப் பதிவுப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் கர்ப்ப காலம் எத்தனை வாரம் என்று நிரப்ப இடம் உண்டு. வீட்டுக்கு வரும் சான்றிதழில் அது வருவதில்லை. அப்புறம் இருப்பது மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் தாள் மட்டும். தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். பிள்ளை பள்ளியில் சேரும்வரை பத்திரமாக இருக்கும், வீடு மாறும்போது எங்கோ போய்விடும். இருபத்தைந்து வயதில் ஒருவரைக் கேட்டால், "கொஞ்சம் முன்னாடியே பொறந்துட்டேன்னு அம்மா சொல்வாங்க" என்பார். 27 வாரமா 36 வாரமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சர்க்கரை, பிரஷர், அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததா என்று கேட்கும் மருத்துவர் இதையும் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளிடம் அவசியம் கேட்க வேண்டும்: குறைமாதத்தில் பிறந்த பெண்களுக்குத் தங்கள் கர்ப்ப காலத்தில் சிக்கல்கள் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கியூபெக்கில் நடந்த ஆய்வு 2012இல் காட்டியது.

கேட்டுத் தெரிந்துகொண்டால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. லூகாஸின் பழைய பால் ஆய்வே இதில் கைகொடுத்தது. மருத்துவமனையில் தாய்ப்பால் மட்டுமே பெற்ற 30 பேரையும் புட்டிப்பால் மட்டுமே பெற்ற 16 பேரையும் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒப்பிட்டு 2016இல் எழுதியது. தாய்ப்பால் பெற்றவர்களின் இதய அறைகள் விரிந்து, நிறைமாதத்தார் அளவை நெருங்கியிருந்தன. சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் பிறந்த முதல் சில வாரங்களில் கொடுத்த பாலின் பயன் இருபது, முப்பது ஆண்டுக்குப் பிறகு படத்தில் தெரிகிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை. நுரையீரலுக்கு அப்படி வாய்த்தது கஃபீன். காப்பியில் இருக்கும் அதே பொருள், மூச்சு விட மறக்கும் குறைமாதக் குழந்தைக்கு மூச்சைத் தூண்டும் மருந்து. 2,006 குழந்தைகளில் நடந்த பன்னாட்டுச் சோதனை, கஃபீன் பெற்றவர்களிடம் பிபிடி குறைந்ததை 2006இல் காட்டியது. அந்தச் சோதனையில் சேர்ந்த மெல்போர்ன் குழந்தைகளை 11 வயதில் ஊதவைத்துப் பார்த்தபோதும் கஃபீன் பெற்றவர்களின் அளவு மேலாக இருந்தது. பொகோட்டாவில் 1978இல் எட்கர் ரே தொடங்கிய, குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, பிறந்த உடனேயே தொடங்கினால் சாவு கால் பங்கு குறைகிறது என்பதை இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்கேற்ற சோதனை 2021இல் உறுதிப்படுத்தியது.

வளர்ந்த பிறகு முக்கியமானது புகை. தாழ்ந்த உச்சத்தோடு தொடங்கியவருக்கு ஒரு சிகரெட் செய்யும் கேடு மற்றவருக்குச் செய்வதைவிடப் பெரிது. விறகடுப்புப் புகையும் அப்படித்தான். அப்பா வீட்டுக்குள் பிடிக்கும் பீடிக்கும் விலக்கில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பதை இருபது வயதிலேயே தொடங்கலாம். கேட்டு வாங்கி ஒருமுறை ஸ்பைரோமெட்ரி செய்துகொண்டால், பிற்காலத்தில் ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும்.

உடற்பயிற்சியைப் பற்றி நம் வீடுகளில் நடப்பது வருத்தம் தருகிறது. "ஓடாதடா, உனக்கு மூச்சு வாங்கும்" என்றே சொல்லி வளர்க்கிறோம். விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்காரவைக்கச் சொல்லி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வருகிறோம். இன்குபேட்டருக்கு வெளியே நின்று பார்த்த நாட்களின் பயம் அது, புரிகிறது. ஆனால் குறைந்த கையிருப்போடு தொடங்கிய இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பழக்கம்தான் பலம். கடும் பிபிடி இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை ஓடவிட வேண்டும், நீந்தவிட வேண்டும்.

25 வாரத்தில் பிறந்த ஒருவருக்கு எழுபது வயதில் இதயம் எப்படி இருக்கும் என்பதை அவர்களோடு சேர்ந்து வளர்ந்துதான் அறிய முடியும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளைப் பின்தொடரும் எபிக்யூர் ஆய்வின் முதல் குழந்தைகள் 1995இல் பிறந்தவர்கள். 2025இல் அவர்களுக்கு முப்பது வயதானது. இந்தியாவில் மாவட்ட அரசு மருத்துவமனைக்குள் சிறப்புப் பச்சிளம் குழந்தைப் பிரிவு என்பதற்கு முன்மாதிரியாக அமைந்த மேற்கு வங்கத்தின் புருலியா பிரிவு தொடங்கியது 2003இல். அதன் முதல் குழந்தைகள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நாடெங்கும் திறந்த பிரிவுகளில் பிழைத்தவர்கள் ஆண்டுதோறும் இந்த வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வேலையில் சேரும்போது உடல்தகுதிச் சான்றுக்கும், காய்ச்சலுக்கும், முதல் கர்ப்பத்துக்கும் பொது மருத்துவர்களிடம்தான் அவர்கள் போகப்போகிறார்கள். எத்தனை வாரத்தில் பிறந்தார்கள் என்பதை அப்போது அவர்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் அந்த எண்ணை ஆதார் எண்ணைப் போல மனப்பாடம் செய்து பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். டிஸ்சார்ஜ் தாளை இன்றே கைப்பேசியில் படமெடுத்து வைக்கலாம்.